46-ஆம் எண்ணின் பயணம்

தரைத்தளத்து நர்ஸ் மேசையிலிருந்து, நான்காம் மாடியில் ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருக்கும் டாக்டரின் வைஃபை போனுக்கு அழைப்பு போகிறது. "டாக்டர், பிரஷர் இறங்கிட்டே இருக்கு." பெரிய மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பதுதான். அந்தக் குரல் கேபிளுக்குள் போகும்போது 20 மில்லிவிநாடிக்கு ஒன்றாக, விநாடிக்கு 50 பாக்கெட்டுகளாகிவிடுகிறது. ஜி.711 முறையில் ஒரு பாக்கெட்டில் குரல் 160 பைட்; ஐபி முதலான தலைப்புகளோடு 200 பைட். அப்படியொரு பாக்கெட்டின் பயணம் இது.

பிறக்கும்போதே அதன் தலைப்பில் 46 என்ற எண் எழுதப்படுகிறது. ஐபி தலைப்பின் இரண்டாம் பைட்டில் முதல் ஆறு பிட்டுகள் இந்த முன்னுரிமைக் குறிக்கென்றே 1998-இல் ஒதுக்கப்பட்டன. டிஎஸ்சிபி என்பது அதன் பெயர். 46 என்றால், இதைக் காக்க வைக்காமல் அனுப்ப வேண்டும். பிட்டுகளாக எழுதினால் 101110.

முதல் சோதனை மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வரும் குறியை நம்பச் சொல்லி ஸ்விட்சின் போர்ட்டை அமைக்காவிட்டால், பல ஸ்விட்சுகள் 46-ஐ அழித்துவிட்டு 0 போட்டுவிடும். அதற்குப் பிறகு நம் பாக்கெட்டும் யாரோ டவுன்லோடு செய்யும் சினிமாவும் ஒரே வரிசைதான்.

அதைக் கடந்தால் வயர்லெஸ் கன்ட்ரோலர். இங்கே நம் பாக்கெட் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைக்கப்பட்டு ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அனுப்பப்படுகிறது. 2009-இல் தரமாக்கப்பட்ட கேப்வாப் சுரங்கம் இது. இடையில் உள்ள ஸ்விட்சுகள் வெளித்தலைப்பை மட்டுமே பார்க்கும். 46-ஐ வெளியிலும் நகலெடுத்து எழுதாவிட்டால், உள்ளே பத்திரமாக இருந்தும் அந்த எண்ணால் பயனில்லை.

உண்மையான விபத்து நடப்பது ஆக்சஸ் பாயின்ட்டில். வைஃபையின் முன்னுரிமைக்கு இருப்பது மூன்றே பிட். 0 முதல் 7 வரை எட்டு எண்கள். 2005-இல் வந்த 802.11இ தரம் இந்த எட்டையும் நான்கு வரிசைகளாகப் பிரித்தது: 6, 7 குரலுக்கு, 4, 5 வீடியோவுக்கு, 0, 3 சாதாரணத் தரவுக்கு, 1, 2 பின்னணி வேலைக்கு. ஆறு பிட்டை மூன்றாக்க வேண்டும். பல கருவிகள் முதல் மூன்றை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். 101110-இல் மிஞ்சுவது 101. அதாவது 5. குரல் வீடியோ வரிசையில் போய் நிற்கிறது.

கேபிளில் பாதை தனக்கென்று இருக்கிறது, காற்றில் இல்லை. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேச நினைப்பவர் சானல் ஓய்ந்ததும் ஒரு குலுக்கல் எண்ணை எடுத்து, அத்தனை இடைவெளி காத்திருக்க வேண்டும். ஓர் இடைவெளி 9 மைக்ரோவிநாடி. குரல் வரிசைக்குக் குலுக்கல் 0 முதல் 3 வரை. வீடியோவுக்கு 0 முதல் 7. சாதாரணத் தரவுக்கு 0 முதல் 15. ஆக, குரலுக்குரிய 6 வாங்கித் தருவது உத்தரவாதமல்ல, வாய்ப்பு. அதையும் 5 பறித்துக்கொள்கிறது. மேலும் கான்ஃபரன்ஸ் வீடியோவின் பருத்த பாக்கெட்டுகளுக்குப் பின்னால் நம் 200 பைட் ஒதுங்கி நிற்க வேண்டும். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை. தாமதமாக வரும் குரல் பாக்கெட்டை போன் எறிந்துவிடும், வந்தும் வராததுதான்.

முதல் மூன்று பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்த வெட்டு தவறு என்பதை 2018 பிப்ரவரியில் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8325 தெளிவாகச் சொல்லிவிட்டது. டிம் சிகெட்டி, ஜெரோம் ஹென்றி, ஃபிரெட் பேக்கர் மூவரும் எழுதியது. 46 வந்தால் 6 கொடுங்கள் என்கிறது. வயர்லெஸ் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் அதன் அட்டவணையையாவது படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

டாக்டர் பதில் சொல்லும்போது இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. போன் தன் வைஃபை தலைப்பில் 6 எழுதுகிறது. ஆக்சஸ் பாயின்ட் அதை எட்டால் பெருக்கி 48 ஆக்கிக் கேபிளில் விட்டால், குரல் ரவுட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான வகுப்பில் நுழைந்துவிடும். கீழிறங்குவது போலவே தகுதிக்கு மீறி மேலேறுவதும் கேடு: பிணையத்தையே தாங்கி நிற்கும் செய்திகளுக்கு நெருக்கடி உண்டாகும். போன் உள்ளிருக்கும் ஐபி தலைப்பில் எழுதிய டிஎஸ்சிபியை மாற்றாமல் கடத்துவதே சரி. ஆர்எஃப்சி 8325-உம் அதைத்தான் விரும்புகிறது.

பல இடங்களில் ஸ்விட்சுகளைச் சரிபார்த்ததோடு வேலை முடிந்ததாக விட்டுவிடுகிறார்கள். உங்கள் பொறுப்பில் ஒரு வயர்லெஸ் பிணையம் இருந்தால், ஓர் அழைப்பு ஓடும்போது காற்றில் போகும் பாக்கெட்டையும் பிடித்துப் பாருங்கள். டிஎஸ்சிபி 46 ஆகவும் வைஃபை முன்னுரிமை 5 ஆகவும் இருந்தால், ஆக்சஸ் பாயின்ட்டின் மாற்று அட்டவணையை இன்றே திருத்துங்கள்.