பரங்கிமலையில் தொடங்கிய கோடு

முப்பது வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். அட்சரேகை, தீர்க்கரேகை என்று கரும்பலகையில் எத்தனை ஆயிரம் கோடுகள் போட்டிருப்பேன்! அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்ற பின் ஜவ்வாது மலையில் வழி தவறி நின்றேன்.

கூட மனைவி. அவளுக்குச் சர்க்கரை. மாத்திரையும் பிஸ்கட்டும் காரில் இருந்தன. "காலையில வெயில் முதுகுல அடிச்சுது. திரும்பும்போதும் முதுகுலதானே அடிக்கணும்? இப்போ முகத்துல அடிக்குதே" என்றாள். "புவியியல் வாத்தியாருக்கே பாடமா?" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கைபேசியில் டவர் இல்லை, வரைபடம் வெறும் கட்டமாக இருந்தது. ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது என்று நானே முடிவுகட்டி அதை அணைத்துவிட்டேன். அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்த நேரத்தில், ஆடு ஓட்டி வந்த ஒரு பையன்தான் எங்களைக் காரில் கொண்டுவந்து சேர்த்தான். நாங்கள் நடந்தது நேர் எதிர்த் திசையில்.

வீட்டுக்கு வந்து தம்பி மகனிடம் சொன்னேன். "பெரியப்பா, ஜிபிஎஸ்ஸுக்கு டவரே வேண்டாம். படத்தை இறக்கத்தான் டவர் வேணும்" என்றான். அன்று மாணவனானேன். கிளம்பும் முன் படத்தை இறக்கி வைத்துக்கொள்வது, கார் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது, எண்களைப் படிப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றேன். பாகைக் கணக்கில் புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்!

என் பிடிவாதத்துக்குச் சரித்திரத்தில் துணை உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது ஜெனரல் பெயர்டு இரவில் படையை நடத்திப் போனார். வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி நட்சத்திரங்களைப் பார்த்து, "நாம் வடக்கே, திப்புவின் படை இருக்கும் பக்கம் போகிறோம்" என்று எச்சரித்தார். நட்சத்திரம் பார்க்காமலே தனக்கு வழி தெரியும் என்றார் ஜெனரல். சற்று நேரத்தில் எதிரியின் காவல் படையிடம் போய் மோதினார்கள். பிறகு திசைகாட்டியைப் பார்த்தால், லாம்டன் சொன்னதே சரி.

அதே லாம்டன்தான் 1802 ஏப்ரலில் நம் சென்னையில் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு. நூறு அடி எஃகுச் சங்கிலியை ஏறக்குறைய நானூறு முறை நீட்டி வைத்து அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் கூடவே வெப்பமானியும் வைத்தார்கள். அந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு, அரை டன் எடையுள்ள தியோடலைட்டால் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்கப் போனார்கள். லாம்டன் 1823இல், அளவைப் பணியில் இருக்கும்போதே ஹிங்கன்காட்டில் காலமானார். கோடு பின்னர் இமயம் வரை போனது.

ஜிபிஎஸ் இதற்கு நேர் மாறு. அது கோணம் பார்ப்பதில்லை, தூரத்தை மட்டும் பார்க்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சமிக்ஞை வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து தூரம் கிடைக்கிறது. நான்கு கோள்கள் தென்பட்டால் நம் இடம் தெரிந்துவிடும். அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்தது அது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழை கலந்து கொடுத்துவந்தார்கள். 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள்.

சென்ற மாதம் பரங்கிமலைக்குப் போனேன். மேலே லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதன் முன் நின்று கைபேசியைப் பார்த்தேன். வடக்கே ஏறக்குறைய பதின்மூன்று பாகை என்று காட்டியது. அவர் மாதக்கணக்கில் பாடுபட்டுப் பெற்றது எனக்குச் சில நொடிகளில் கிடைத்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி ஜவ்வாது மலைக்குப் போகிறோம். படம் இறக்கியாகிவிட்டது. மனைவி சொல்லிவிட்டாள்: "வழியை உங்க போன் பார்த்துக்கட்டும். வெயிலை நான் பார்த்துக்கறேன். பிஸ்கட் என் பையில இருக்கட்டும்."

இந்த முறை நான் எதிர்த்துப் பேசவில்லை.