ஒரு தாள் ஊர் போய்ச் சேர்ந்த கதை

நாம் பேனாவைத் தொடும் முன்பே அந்தத் தாளுக்கு நம் முகம் தெரியும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமான டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 தேர்வில், விடைகளை வட்டம் அடைத்துக் குறிக்கக் கொடுக்கிற ஓஎம்ஆர் ஷீட்டில் பெயர், பதிவெண், தேர்வுக்கூடம், புகைப்படம் எல்லாம் முன்கூட்டியே அச்சாகி வந்துவிடும். 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வுக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். எழுத வந்தவர்கள் 18 லட்சத்துச் சொச்சம். மற்றவர்களின் தாள்கள் காலி பெஞ்சுக்கு முன்னால் புகைப்படத்தோடு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போயின. அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களில் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) பணிக்கு இருந்தவை 274. விஏஓ ஆக வேண்டும் என்று நினைத்து எழுதுகிறவர்களின் எண்ணிக்கையை இந்த 274-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டாம், மனசு கேட்காது.

தாள் எங்கே அச்சாகிறது என்பது ரகசியம். நம் கண்ணில் படுகிற அதன் முதல் ஊர் தாலுகா கருவூலம். சீல் வைத்த கட்டாக அங்கே பூட்டுக்குள் இருக்கும். தேர்வு நாள் விடிகாலையில் நடமாடும் குழுவின் வண்டி வந்து, போலீஸ் காவலோடு பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப் போகும். அந்த வண்டியில் பொறுப்பாக வருகிறவர் பெரும்பாலும் வருவாய்த் துறைக்காரர்தான், துணை வட்டாட்சியர் மாதிரி. வருங்கால விஏஓவைத் தேர்ந்தெடுக்கப் போகிற தாளை நிகழ்கால வருவாய்த் துறையே சுமந்துகொண்டு வருகிறது. இதில் தப்பொன்றும் இல்லை, பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தாளுக்கு முன்னால் இந்த வேலைக்கு வேறொரு தாள் இருந்தது. அதைப் பரம்பரை என்பார்கள். கர்ணம் என்றும் கணக்குப்பிள்ளை என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். வரி வசூலுக்கு முன்சீப் அல்லது மணியக்காரர், நில அளவுக்கும் கணக்குக்கும் கர்ணம், கீழே தலையாரி, வெட்டியான். கணக்குக் கட்டு அலுவலகத்தில் இருக்காது, அவர் வீட்டில் இருக்கும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து அடங்கல் என்ற பயிர்க் கணக்கை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பையன்தான் அடுத்த கர்ணம். எந்தப் புலத்தில் எவன் வரப்பை எத்தனை அடி நகர்த்தினான் என்பது அந்தப் பையனுக்கு மனப்பாடம். அறிவு என்று பார்த்தால் அது சாதாரண அறிவில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார எல்லாருக்கும் இடமில்லை. தன் நிலத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வந்தவன்கூடச் சில ஊர்களில் திண்ணைக்குக் கீழே நின்றுதான் கேட்க வேண்டும்.

இதைச் சட்டமாகவே எழுதி வைத்தது 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம். அதை உச்ச நீதிமன்றம் வரை இழுத்துப் போனது குண்டூர் மாவட்டம் தெனாலி தாலுகாவில் உள்ள ஒரு கிராமம். பெரவலி இரண்டாகப் பிரிந்து பெரவலிபாளெம் என்று புது ஊர் உண்டானது. புது ஊருக்குப் புது முன்சீப் வேண்டும். பழைய முன்சீப் குடும்பத்துக்குத்தான் அந்த இடம் என்றது சட்டம். கஜுலா தசரதராம ராவ் என்பவர் எனக்கேன் கூடாது என்று கேட்டார். 1960 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கிராமப் பதவியும் அரசுப் பதவியே, அதில் வம்சாவளி பார்த்து ஆளெடுப்பது அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. ஓஎம்ஆர் ஷீட்டின் பிறப்புச் சான்றிதழை யாராவது கேட்டால் நான் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுவேன்.

இருந்தாலும் தமிழ்நாட்டில் பழைய பதவிகளை அடியோடு எடுக்க இன்னும் இருபது வருஷம் ஆனது. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு, பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அனைத்தையும் ஒரே நாளில் ஒழித்தது. வழக்குப் போட்டார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது செல்லும் என்றது. அந்த இடத்தில் முழுநேர அரசு ஊழியராக வந்தவர்தான் விஏஓ. அவரைப் பொறுக்கி எடுக்கிற வேலை 1929-லேயே தொடங்கப்பட்ட பழைய சென்னை சர்வீஸ் கமிஷனின் வாரிசான டிஎன்பிஎஸ்சியிடம் போனது. கமிஷனுக்கு மட்டும் வாரிசு முறை பரவாயில்லை.

விஏஓவுக்கென்று தனித் தேர்வு ரொம்ப நாள் இருந்தது. 2016 பிப்ரவரியில் நடந்ததே கடைசி. அடுத்து 2018-ல் அது குரூப் 4-ல் கரைந்தது. அந்த வருஷம் 494 விஏஓ இடங்கள், 2019-ல் 397, 2022-ல் 274, 2024-ல் 108, 2025-ல் 215.

இனி அறைக்குள் போவோம். நான் ஒரு தேர்வில் அறைக் கண்காணிப்பாளராக நின்றிருக்கிறேன். ஒரு அறைக்கு இருபது பேர். கைக்குழந்தையை வெளியே மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த பெண், வயது வரம்பு முடியப் போகிற ஆள், பள்ளிச் சீருடையைக் கழற்றி மூன்று மாதம்கூட ஆகாத பையன். (அந்தப் பையனுக்கு விஏஓ கிடைக்காது. இளநிலை உதவியாளருக்கு 18 வயது போதும், விஏஓவுக்கு 21 ஆகியிருக்க வேண்டும்.) தகுதி எல்லாருக்கும் பத்தாம் வகுப்புதான். உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பொறியியல் படித்தவர்கள் என்று பார்த்தாலே தெரியும்: கணக்குக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள், அது அவர்களுக்குக் கைவந்தது, தமிழ்ப் பகுதியில்தான் வியர்க்கிறது. இருநூறு கேள்வி, முந்நூறு மதிப்பெண். தமிழில் நூறு கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற நூறு கேள்வியின் பக்கமே எந்திரம் திரும்பாது.

கறுப்பு மை பால்பாயிண்ட் பேனாதான். நீலம் கூடாது. வட்டத்தை முழுசாக அடைக்க வேண்டும், டிக் போடக் கூடாது, ஒரு கேள்விக்கு இரண்டு அடைத்தால் இரண்டும் போச்சு. வட்டங்கள் ஏ, பி, சி, டி. அதோடு ஐந்தாவதாக ஒரு வட்டம், ஈ. அதன் பொருள் ‘விடை தெரியவில்லை’. தெரியாது என்பதையும் மை வைத்துச் சொல்ல வேண்டும், காலியாக விடக் கூடாது. பன்னிரண்டரைக்குத் தேர்வு முடிந்த பிறகு கால் மணி நேரம் கூடுதல். எத்தனை ஏ, எத்தனை பி, எத்தனை ஈ என்று எண்ணி எழுதிக் கூட்டினால் இருநூறு வர வேண்டும். மூன்று மணி நேரம் எழுதிய களைப்பில் 199 வருகிறவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து விரல் வைத்து எண்ணுவான். கடைசியாக இடது கைப் பெருவிரல் ரேகை. கைநாட்டு வைப்பவன் படிக்காதவன் என்று சொல்லி வளர்ந்த தலைமுறை, பட்டம் வாங்கிவிட்டு வரிசையாகக் கைநாட்டு வைக்கிறது.

இதெல்லாம் ஏன் என்று அன்றைக்கு ஒரு பெண் என்னைக் கேட்டாள். ராமேஸ்வரம் என்றேன்.

2019 செப்டம்பர் 1-ஆம் தேதி குரூப் 4 தேர்வு. முடிவு வந்தபோது மாநிலத்தின் முதல் நூறு இடங்களில் 39 பேர் ராமேஸ்வரம், கீழக்கரை என்ற இரண்டே மையங்களில் எழுதியவர்கள். அவர்களில் பலருக்கு அந்த ஊரோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து அங்கே போய் எழுதியிருந்தார்கள். மற்றத் தேர்வர்கள் கொதித்துப் போனார்கள். 2020 ஜனவரியில் ஆணையம் தன் விசாரணை முடிவை வெளியிட்டது. சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையால் வட்டம் அடைத்திருக்கிறார்கள். கட்டுகள் மாவட்டத்திலிருந்து சென்னைக்குப் போகிற வழியில், உள்ளே இருந்தவர்களின் துணையோடு, வெறுமையாகிவிட்ட தாள்களில் சரியான விடைகள் குறிக்கப்பட்டு மறுபடி கட்டுக்குள் போய்விட்டன. 99 பேருக்கு வாழ்நாள் தடை. வழக்கு சிபிசிஐடியிடம் போனது, கைதுகள் நடந்தன.

எனக்கு இதில் மறக்க முடியாதது அந்த வழிதான். கருவூலம் பத்திரம், பள்ளிக்கூடம் பத்திரம், ஆணையத்தின் அறை பத்திரம். தாள் திருட்டுப் போனது இவை மூன்றுக்கும் நடுவே, சாலையில். நிலத்திலும் தகராறு வருவது புலத்தின் நடுவில் இல்லை, இரண்டு புலம் சேரும் வரப்பில்.

அதற்குப் பிறகு தாளின் முகமே மாறியது. காலி வட்டம் இருந்தால்தானே பிறகு நிரப்ப முடியும்? ஆகவே ஈ. நிரப்பியதை மாற்றினால் கூட்டுத்தொகை இடிக்க வேண்டும், ஆகவே எண்ணிக்கைக் கட்டம். தாளையே மாற்றினால் தெரிய வேண்டும், ஆகவே கைரேகை. கட்டுகள் போகிற வண்டிக்கு ஜிபிஎஸ். ஒவ்வொரு திருட்டும் போகும்போது தாளில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நேர்மையாக எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னை பூங்காநகரில் டிஎன்பிஎஸ்சி அலுவலகத்தில் தாளின் வாழ்க்கை சட்டென்று சுருங்கிவிடுகிறது. ஆளைச் சொல்லும் பகுதி வேறு, விடைகள் உள்ள பகுதி வேறு. எந்திரத்துக்கு முகம் வேண்டாம். வெளிச்சம் பட்டு எங்கே திரும்புகிறது, எங்கே கறுப்பில் அமுங்கிப் போகிறது என்பது மட்டும் அதற்குப் போதும். யாருடைய பேரன், எந்தத் தெரு என்ற கேள்வியே எழாத சில நொடிகள் அவை. பெரவலிபாளெத்துக்காரர் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

மற்ற மாநிலங்களில் இந்தத் தாளுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் உண்டு. அங்கே விஏஓவின் பெயர் வேறு: மகாராஷ்டிரத்தில் தலாட்டி, மத்தியப் பிரதேசத்தில் பட்வாரி, உத்தரப் பிரதேசத்தில் லேக்பால். அங்கும் இதே கூட்டம், இதே சந்தேகம். 2023-ல் உத்தராகண்டின் பட்வாரி தேர்வில் வினாத்தாள் கசிந்து தேர்வு ரத்தானது. அதே வருஷம் மகாராஷ்டிரத்தில் தாளே இல்லாமல் கணினியில் 4,644 தலாட்டி இடங்களுக்குத் தேர்வு வைத்தார்கள். பல ஷிப்டுகளின் மதிப்பெண்களைச் சமன்செய்யும் கணக்கில் ஒருவருக்கு 200-க்கு 214 வந்தது. தாளில் அப்படியெல்லாம் வராது என்று நம் தாள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

எந்திரம் படித்த பிறகு தாள் வெறும் படம். தேர்வர் ஆன்லைனில் இறக்கிப் பார்க்கலாம். மேலே போகிறது தரவரிசை எண்தான்: சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, மாவட்டம் தேர்ந்தெடுப்பது. முன்னால் வரிசையில் நின்றவர்கள் பக்கத்து மாவட்டங்களை எடுத்துக்கொள்ள, பின்னால் நிற்பவர் போர்டில் மிச்சமிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துத் தலையாட்டுகிறார்.

பிறகு பயிற்சி. அதில்தான் தாளில் இல்லாதது எல்லாம் வருகிறது. சங்கிலி பிடித்து அளப்பது, புலப்படம் படிப்பது, ‘அ’ பதிவேடு, கிராமக் கணக்கு எண் 2 ஆன அடங்கல், சிட்டா. ஆங்கில வருஷத்தில் 590 கழித்தால் பசலி என்பது. ஜூலை 1-ல் தொடங்கும் அந்தப் பசலி முடிகிற சமயத்தில் ஜமாபந்தி வரும், மேலதிகாரி கணக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார் என்பது. இருநூறு கேள்விக்கும் வட்டம் அடைத்தவருக்கு, தென்னைக்கு இடையே ஊடுபயிர் இருந்தால் அடங்கலில் எப்படி எழுதுவது என்பது புதிது. கர்ணம் வீட்டுப் பையன் திண்ணையில் பார்த்துக் கற்றதை இவர் மூத்த விஏஓ ஒருவரின் போனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கற்கிறார்.

ஊரில் முதல் வாரம். அலுவலகம் என்பது ஒற்றை அறை, மேசை, இரும்பு பீரோ. மனு கொண்டு வந்த பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புது முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார்.

“சாருக்கு எந்த ஊரு?”

சொல்கிறார்.

“அங்க எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு?”

கிராம நிர்வாக அலுவலர் பீரோவைத் திறந்து, “ஐயா, சர்வே நம்பர் சொல்லுங்க” என்கிறார்.