நடுகல்லும் நிழற்படமும்

இறந்தோர் நினைவாகக் கல் நிறுத்தும் வழக்கு பண்டைத் தமிழர்க்கும் கிரேக்கர்க்கும் பொதுவாம். ஏதென்சு நகரின் கெராமெய்க்கோசு இடுகாட்டில் 1863-ஆம் ஆண்டு வெளிப்பட்ட தெக்சிலெயோசு என்னும் குதிரைவீரனது கல், கி.மு. 394-இல் போரிற் பட்டவனுக்கு எடுக்கப்பெற்றதாகும். இத்தகைய கற்களைப் பிறநாட்டு அறிஞரும் இருந்த இடத்திருந்தே ஒப்புநோக்கக் கருவியாயிற்று அந்நூற்றாண்டில் தோன்றிய நிழற்படக் கலை. தமிழகத்தில் அக்கலை எவற்றைக் கண்டது, எவற்றைக் காணாது விட்டது என ஆராய்தல் ஈண்டு நோக்கமாம்.

லின்னேயசு டிரைப்பு என்பார் 1856-இல் சென்னை அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். மதுரை, தஞ்சைக் கோயில்களை 1858-இல் அவர் படம் பிடித்தார். தஞ்சைப் பெருவுடையார் கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழப் 19 அடி நீளத்தில் ஒன்றாக இணைத்தார். சென்னை அரும்பொருளகத்திலிருந்த அமராவதித் தூபச் சிற்பங்களையும் படமாக்கினார். அச்சிற்பங்களுட் பல 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேறின. தூபமும் தோற்றத்தால் ஈமச்சின்னமே என்பது நினையத்தக்கது. நீலகிரியின் முதல் ஆணையராயிருந்த பிரீக்சு, அம்மலையின் பழங்குடியினரையும் ஈமச்சின்னங்களையும் ஆய்ந்து எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1873-இல் நிழற்படங்களுடன் வெளிவந்தது.

ஆயின், தேனிப் பகுதியின் நடுகற்கள் இவ்வாய்ப்பைப் பெற்றில. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்கள் 2006-இல்தான் அறிஞர் பார்வைக்கு வந்தன. அவற்றில் வீரன் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. கோயிலையும் சிற்பத்தையும் நாடிய கண்ணுக்கு இவை வெறுங் கற்களாகவே தோன்றியிருத்தல் கூடும்.

அவ்வெறுங் கற்களுள் ஒன்று கூடலூர் ஆகோளிற் பட்டவனைக் குறிக்கின்றது. ‘ஆகோள்’ தொல்காப்பியர் வெட்சித்திணையில் வைத்த துறையாம். புலவர் கற்பனை என ஒதுக்கப்படக்கூடிய ஒரு துறைக்கு மண்ணிலிருந்தே சான்று கிடைத்தமை இலக்கிய மாணவர்க்குச் சிறிய பேறன்று.

கல் தன் இடத்தினின்று பெயர்ந்தால் எழுத்து எஞ்சலாம். அதனைச் சூழ்ந்த குழியும் கல்வட்டமும் திசையும் எஞ்சா. அவற்றைக் காப்பது, பெயர்க்குமுன் எடுத்த படமே. ஆகவே, பொட்டிப்புரம் முதலாக மேற்குமலை அடிவாரத்துள்ள சிற்றூர்தோறும் சென்று, உழவும் கட்டடமும் முந்துமுன் நிற்கும் கற்களை நின்றவாறே படமெடுத்துப் பதிதல் வேண்டும். டிரைப்பு சுமந்த பெருங்கருவி இன்று தேவையில்லை. உருவமற்ற கல்லையும் நின்று நோக்கும் கண்ணே தேவை.