தொழிலை வினவுதல்: காரீய நஞ்சை இனங்கண்ட வரலாறு

வளர்ந்தோர் உடலில் சேரும் காரீய நஞ்சுக்குத் தனித்த அடையாளம் அரிது. வயிற்றுச்சூலை, மலச்சிக்கல், சோர்வு, தலைவலி, வெளிறல், மூட்டுநோவு ஆகிய அதன் குறிகள் வேறு பல நோய்களுக்கும் உரியவை. ஆகவே அதனை இனங்கண்ட வரலாறு, நோயாளி அருந்தியதையும் செய்த தொழிலையும் வினவியவர்களின் வரலாறாகவே பெரிதும் அமைந்துள்ளது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஆப்பிள் சாற்று மதுவாகிய சைடர் வடிக்கப்படும் இலையுதிர் காலத்தை ஒட்டிக் கடுஞ்சூலையும் கை முடக்கமும் பரவிவந்தன. 1703இல் வில்லியம் மஸ்கிரேவும் 1739இல் ஜான் ஹக்ஸமும் இதனை விவரித்தனர். நோய்க்கும் சைடருக்கும் உள்ள தொடர்பை இருவரும் கண்டனர். ஆயின் மதுவின் புளிப்பையே காரணமெனக் கொண்டனர். இம்முடிவை ஐயுற்றவர் டெவனில் பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பேக்கர். ஹெரிபோர்டு மக்களும் சைடர் அருந்தினர்; அங்கே இச்சூலை அரிதாயிருந்தது ஏன் என்பதே அவர் வினா. டெவனில் அரவைத் தொட்டியின் கற்களைக் காரீயம் கொண்டு இணைத்திருந்தனர்; சில பிழிபொறிகளுக்குக் காரீயத் தகடும் பொதிந்திருந்தனர். ஹெரிபோர்டில் அவ்வழக்கம் இல்லை. இருவகைச் சைடரையும் வேதியியல் முறையில் ஆய்ந்தபோது டெவன் சைடரில் மட்டுமே காரீயம் வெளிப்பட்டது. 1767இல் லண்டன் மருத்துவக் கல்லூரியில் அவர் இதனை வாசித்தளித்தார். சைடரை நம்பி வாழ்ந்த வட்டாரம் சினமுற்றதில் வியப்பில்லை. தாமஸ் ஆல்காக் என்னும் சமயகுரு மறுப்பு நூலே வெளியிட்டார்.

இத்தகைய ஒப்பீடு முற்றிலும் புதியதன்று. 1690களில் ஜெர்மானிய நகரமாகிய உல்மில் துறவிகளுக்கு நேர்ந்த சூலையை ஆராய்ந்த எபர்ஹார்ட் கொக்கல், திராட்சை மதுவை இனிப்பாக்கச் சேர்த்த ஈய ஆக்சைடே காரணம் எனக் கண்டிருந்தார். தமிழ் மருத்துவ நூல்கள் மிருதார்சிங்கி என வழங்கும் பொருளே அது.

உடலில் குறி தேடும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பாரிசின் தாங்கெரல் தெ பிளான்ஷ் 1839இல் ஏறத்தாழ 1,200 நோயாளிகளைச் சான்றாகக் கொண்டு பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1840இல் லண்டனின் ஹென்றி பர்ட்டன் ஈற்றின் விளிம்பில் தோன்றும் நீலக்கோட்டைச் சுட்டினார். வாய்க் கிருமிகள் வெளியிடும் கந்தக வாயுவோடு காரீயம் கூடுவதால் விளையும் கோடு அது. எனவே தூய வாயிலும் பல்லற்ற வாயிலும் அது தோன்றாமல் போகலாம். கோடு இன்மையை நோயின்மைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

அமெரிக்காவில் 1910இல் இல்லினாய் மாநிலத் தொழில்நோய் ஆய்வை மேற்கொண்ட ஆலிஸ் ஹாமில்டன் வேறொரு தடையைச் சந்தித்தார். தொழிலாளரின் நோய்க்குக் குடிப்பழக்கமும் தூய்மையின்மையுமே காரணம் என்று ஆலையினர் சாதித்தனர். ஹாமில்டன் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். நோயுற்றோரின் வீடுகளுக்கும் சென்றார். குளியல்தொட்டிக்கு எனாமல் பூசும் போலந்து நாட்டுத் தொழிலாளி ஒருவருக்குக் காரீய நஞ்சு எனப் பதிவாகியிருந்தது. ஆலையைப் பார்வையிட்டபோது அங்கு ஆபத்து எதுவும் புலப்படவில்லை. தொழிலாளியின் வீட்டிற்குச் சென்ற பின்னரே, எனாமல் பூசும் பணி நடைபெறும் இடம் தமக்குக் காட்டப்படவே இல்லை என்பதை அவர் அறிந்தார். மருத்துவச் சான்றுக்கும் ஆலைச் சான்றுக்கும் முரண் எழுந்தபோது அதனைத் தீர்த்தது தொழிலாளியின் சொல்லே என்பது கருதத்தக்கது. 1911இல் அம்மாநிலம் தொழில்நோய்ச் சட்டம் இயற்றியது.

இரத்தத்தில் காரீயத்தை நேரடியாக அளக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் கொடை. எனினும் அவ்வளவீடு பெரும்பாலும் அண்மைக் காலச் சேர்க்கையையே காட்டும். இரத்தத்தில் அதன் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு மாதமே. வளர்ந்தோர் உடலிலுள்ள காரீயத்தில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது எலும்பில் பல்லாண்டுகள் தங்குகிறது. மேலும், காரீயம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண் கூறுவதில்லை. 2000 முதல் 2003 வரை அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் காரீய நஞ்சுற்ற வளர்ந்தோர் 12 பேரைப் பற்றிய அறிக்கை 2004இல் வெளியாயிற்று. அவர்களது நோயின் தோற்றுவாய் அவர்கள் உட்கொண்ட ஆயுர்வேத மருந்துகளாக இருந்தது.