2400 கிராமங்களுக்கு ஓராண்டு வந்துபோன தொலைக்காட்சி



எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேரன் ஒரு கேள்வி போட்டிருந்தான். "தாத்தா, சாட்டிலைட் டிவி நம்ம நாட்டுக்கு எப்போ வந்தது?" ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இன்சாட் வந்த எண்பதுகளில் என்றார் ஒருவர். வளைகுடாப் போரின்போது கேபிளோடு வந்தது என்றார் என் மைத்துனர். யாரும் 1975 என்று சொல்லவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு இது. காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சின்ன அறிவியல் பாடம். (பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்!) 1962 ஜூலையில் அமெரிக்கா ஏவிய டெல்ஸ்டார், அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரடித் தொலைக்காட்சிப் படம் அனுப்பியது. ஆனால் அது தாழ்வாகப் பறந்து வேகமாகச் சுற்றியதால், ஒரு சுற்றில் இருபது நிமிடம்போலத்தான் இரு கரைக்கும் சேர்ந்தாற்போல் தெரியும். பிறகு வானத்தில் இறங்கி மறைந்துவிடும். இதற்கு வழியை ஆர்தர் சி. கிளார்க் 1945-லேயே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தினால், செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றும். திருவிழா ராட்டினத்தில் பக்கத்துக் குதிரையில் இருக்கும் பையன் உங்களுக்கு அசையாமல் தெரிவான் அல்லவா, அதேதான்.

அப்படி நின்ற கோள்களால் 1965 முதல் கண்டங்களுக்கு இடையே தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஓடின. ஆனால் அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கத் தரையில் ராட்சதக் கிண்ணம் வேண்டும். அதைப் பணக்கார நாடுகளும் பெரிய நிலையங்களும்தான் வைத்திருக்க முடியும். கிராமத்தானுக்கு அதில் என்ன இருக்கிறது?

விக்ரம் சாராபாய் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அவர் நகரத்தில் ஆரம்பித்துப் பிறகு கிராமத்துக்குப் போகலாம் என்று நினைக்கவில்லை, நேரே கிராமத்துக்கே போக நினைத்தார். 1969-ல் நாசாவோடு ஒப்பந்தம் ஆயிற்று. கோள் அவர்களுடையது, ஓராண்டுக்கு இரவல். தரையில் உள்ள கருவிகளும் நிகழ்ச்சிகளும் நம்முடையவை. அது நடப்பதைப் பார்க்க அவர் இல்லை. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் காலமானார், வயது 52. அகமதாபாத்தில் யஷ் பால் தலைமையில் அவருடைய ஆட்கள் வேலையை முடித்தார்கள்.

அந்தக் கோளின் பெயர் ஏடிஎஸ்-6. 1974 மே மாதம் ஏவப்பட்டது. விண்ணில் போய்க் குடைபோல விரியும் 9 மீட்டர் ஆண்டெனா அதற்கு இருந்தது. மேலே உள்ள கிண்ணம் பெரிதானால் கீழே உள்ளது சிறிதாக இருக்கலாம், சூட்சுமம் அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு நேராக நின்றிருந்ததை நகர்த்திக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே கொண்டுவந்தார்கள். கிராமங்களில் 3 மீட்டர் அகலக் கிண்ணம் வைத்தார்கள். அதைச் செய்தது எதனால் தெரியுமா? கோழிக்கு அடைப்புப் போடும் கம்பிவலை! இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஹைதராபாத் இசிஐஎல் நிறுவனம் பெட்டிகளைச் செய்து கொடுத்தது. மின்சாரம் எட்டாத சில ஊர்களில் பேட்டரியில் ஓட்டினார்கள்.

1975 ஆகஸ்ட் 1 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்கள். தமிழ்நாடு பட்டியலில் இல்லை. (அதே மாதம் 15-ஆம் தேதிதான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பட்டணத்துக் கோபுரம் எட்டிய தூரத்துக்கு மட்டும்.) கோளில் ஒரு படத்துக்கு இரண்டு ஒலித்தடங்கள் உண்டு. அதனால் ஒரே படத்தைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரே நேரத்தில் கேட்க வைத்தார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் ஊருக்கு: விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு, செய்தி, கூத்து, பாட்டு.

ஆசிரியப் பயிற்சி படித்தவன் என்ற முறையில் என் மனதைத் தொட்டது வேறொன்று. பள்ளி விடுமுறைகளில் இரண்டு கட்டமாக, சுமார் 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் இந்தக் கோள் வழியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில், சுற்றுப்புறத்தில் கிடைக்கும் பொருளை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று! நாங்கள் பயிற்சிப் பள்ளியில் சுண்ணாம்புக்கட்டியும் சார்ட் அட்டையுமாகக் காலம் தள்ளியபோது, அவர்களுக்கு இது முன்னமே கிடைத்துவிட்டது. பொறாமையாக இருக்கிறது, மறைப்பானேன்.

குறையையும் சொல்லவேண்டும். தொடங்கியது நெருக்கடி நிலைக் காலம். தில்லி சொன்னதைக் கிராமம் கேட்டது, கிராமம் திருப்பிப் பேச வழியில்லை. "உலகத்தை இணைத்தது" என்று சும்மா எழுதிவிடுகிறோம். ஒரு பக்கம் மட்டும் பேசுவது பாதி இணைப்புதான் என்பது என் கருத்து.

கிளார்க் அப்போது கொழும்பில் குடியிருந்தார். கோளின் வீச்சு இலங்கையிலும் படும் என்பதால், நம் பொறியாளர்கள் அவர் வீட்டில் ஒரு ஆண்டெனாவை நிறுவிக் கொடுத்தார்கள். முப்பது வருடம் முன்பு தாளில் எழுதியதைத் தன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார். எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை!

1976 ஜூலை 31 அன்று கெடு முடிந்தது. கோள் அமெரிக்கப் பக்கம் திரும்பிப் போனது. சில வட்டாரங்களில் 1977-லிருந்து தரைவழி நிலையங்கள் அமைத்துத் தொடர்ந்தார்கள். எட்டாத ஊர்களில் பெட்டி சும்மா கிடந்தது. ஓராண்டு கொடுத்துவிட்டு நிறுத்தியது சரியா என்று கேட்டால், பொறியாளர் "அது சோதனைதானே" என்பார். தினமும் வந்து தரையில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு அது சோதனை என்று யார் சொன்னது? ஆனாலும் அந்த ஒரு வருட அனுபவம் இல்லாமல் இன்சாட் திட்டம் அவ்வளவு துணிச்சலாக வந்திருக்காது என்றும் நினைக்கிறேன். 1983-ல் இன்சாட்-1பி மேலே போனது. அப்போது கோள் நம் சொந்தம், யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

ராய்ச்சூர், குல்பர்கா பக்கமும் ஒடிசாவிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். அங்கே அறுபது வயது தாண்டியவர்களிடம் கம்பிவலைக் கிண்ணம் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன பார்த்தார்கள், நின்றுபோனபோது ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கீழே எழுதுங்கள். பேரனுக்கும் படித்துக் காட்டுகிறேன்.