பரண் பூனைக்கு, வாசல் நாய்க்கு

மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய்க்கும் அதில் இடம் உண்டு. நாயின் பெயர் கோவிவன். தானியம் காத்த பூனைக்கு நான் எங்கும் கல் கண்டதில்லை. எங்கள் பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் காட்டில் இரண்டும் ஒரே வீட்டுக்கு உழைத்தவைதான்.

வேட்டைக் காலத்திலேயே நாய் மனிதனோடு சேர்ந்துவிட்டது. பூனை வந்தது தானியத்தோடு. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய புதைகுழியில், மனித எலும்புக்கூட்டின் பக்கத்திலேயே ஒரு பூனையும் கிடைத்தது. எங்கள் மண்சுவர் வீடுகளிலும் அதே கதைதான். கூடத்துக் குதிரில் கம்பும் வரகும், பரணில் சோளக்கதிர். எலி இருந்த இடம் பூனையின் இடம். நாய்க்கு மாட்டுப்பட்டியும் வெங்காயப் பட்டறையும். அதற்குக் கூழ் வாசல் கல்தொட்டியில். பூனைக்கு மோர்ச்சோறு அடுக்களை மூலையில், கொட்டாங்குச்சியில். ஒன்றின் சோற்றில் மற்றது வாய்வைக்க வழியே இல்லை.

புதுக்குட்டியைச் சேர்க்கும் விதத்தை என் அப்பாயியிடம் பார்த்தேன். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் குட்டியை விட்டு வாசலில் வைப்பார். நாய் சுற்றிச் சுற்றி வரும், மூங்கில் இடுக்கில் மூக்கை நுழைக்கும், உறுமும். குட்டி முதுகைத் தூக்கிச் சீறும். நான் நாயை விரட்ட ஓடினால், "விடு சாமி, மோந்துட்டுப் போவட்டும்" என்பார். நாய் சலித்துப்போய்த் தள்ளிப் படுத்த பிறகுதான் குட்டி பரணுக்கு ஏறும். அது படுத்த கந்தல் துணி மறுநாள் நாயின் சாக்கில் கிடக்கும். தடுப்புக்கு அப்பால் வைத்துப் பழக்கு, வாடையை மாற்றிக் காட்டு என்று இன்றைய கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் இதையேதான்.

நாய்க்கும் பூனைக்கும் பிறவிப்பகை என்பதை நான் ஏற்கமாட்டேன். அவற்றின் சமாதானம் வீட்டின் அமைப்பில் இருந்தது. 1979-இல் அரியலூர் அரசு சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்தடுத்து தனியார் ஆலைகளும் வந்தன. கூரை வீடுகள் மாடி வீடுகளாயின. மக்காச்சோளம் களத்திலிருந்தே வியாபாரியின் லாரிக்குப் போகிறது. குதிர் போயிற்று, பரணும் போயிற்று. ஏறித் தப்ப உயரம் இல்லாத பூனை ஓடுகிறது. ஓடுவதை நாய் துரத்துகிறது. பகை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான்.

நாய் உள்ள வீட்டுக்குப் பூனைக்குட்டி கொண்டுவருகிறவர்கள், முதலில் நாய்க்கு எட்டாத உயரத்தில் சுவரில் ஒரு பலகை அடியுங்கள். சோற்றுத் தட்டுகளைத் தனித்தனி இடத்தில் வையுங்கள். முதல் சில நாள் இரண்டையும் தனியே விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் தவறாமல் போடுங்கள்.