சாவி யார் கையில்? நெட்வொர்க் சுவிட்சுக்குப் பூட்டு வந்த வரலாறு

உங்கள் பள்ளிக் கணினிக் கூடத்தின் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும், பார்த்திருப்பீங்க. உள்ளே மினுக்கிக்கொண்டிருப்பதுதான் நெட்வொர்க் சுவிட்ச் (விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை!). பெட்டியைப் பூட்டியாச்சு, அது போதும்னு நினைக்கிறோம். ஆனால் பல சுவிட்சுகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. வேறு அறையிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ, நெட்வொர்க் வழியாகவே உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றலாம்.

சிகாமட்காரர்களுக்கு இதை ரயிலிலிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும். கிம்மாஸிலிருந்து சிகாமட் வழியாக ஜொகூர் பாருவுக்கு 1909-இல் திறக்கப்பட்டது ஒற்றைத் தண்டவாளப் பாதை. ஒற்றைப் பாதையில் ரயில்கள் எதிரெதிரே வந்து மோதாமல் காத்தது 'டோக்கன்'. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் போகக்கூடாது. இதே பாதையின் தென்கோடியில், சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில், 2011 ஜூன் 30 வரை டோக்கனைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். டோக்கன் தொலைந்தால் உடனே தெரிந்துவிடும்.

கடவுச்சொல் அப்படி இல்லீங்க. திருடுபோன பிறகும் அது நம்மிடமே இருக்கும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு பலர் பகிர்ந்துகொள்ளும் கணினிக்குக் கடவுச்சொல் வைத்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்குக் கொடுத்த கணினி நேரம் போதவில்லை என்று, கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவரே சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது!

1969-இல் அர்பாநெட்டோடு பிறந்த டெல்நெட், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி. அது கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும், அஞ்சலட்டையில் ரகசியம் எழுதின மாதிரி. பிறகு வந்த சுவிட்சுகளிலும் அதே டெல்நெட்தான். சிஸ்கோ கருவிகளில் இந்த வாசல்களுக்கு இன்றும் 'வி.டி.ஒய்.' என்று பெயர். பழைய டெலிடைப் இயந்திரத்தின் ஞாபகம் அது.

1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திரட்டினார்கள். அங்கிருந்த தாத்து யுலோனென் அதே ஆண்டில் எஸ்.எஸ்.எச். எழுதி வெளியிட்டார். முதலில் பேச்சையே மறையாக்கம் செய்துவிட்டு, பிறகுதான் 'நீ யார்?' என்று கேட்கும். சாவிக்கோப்பு முறையில் இன்னும் ஒரு படி மேலே: சாவி என்னிடம் இருக்கிறது என்று நிரூபிக்கிறோமே தவிர, சாவியை அனுப்புவதே இல்லை. டோக்கனைவிடக் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால் நுழைந்தது யார் என்று தெரியாதே? அதற்கு 1984-இல் டக்காக்ஸ், 1991-இல் ரேடியஸ் வந்தன. ஆளுக்கொரு பெயர், மையத்தில் ஒரு சரிபார்ப்பு.

நம் நாட்டின் 1997 கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி நுழைந்தாலே 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் சட்டம் வருவது நுழைந்த பிறகுதான். சுவிட்சுக்குள் புகுந்தவர், ஒரு கணினிக்குப் போகும் தகவலின் நகலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். மாணவர் மதிப்பெண்ணும் பெற்றோர் விவரமும் அந்த வழியாகத்தானே போகுது?

அடுத்த முறை தொழில்நுட்பர் வரும்போது கேளுங்க: டெல்நெட்டை மூடியாச்சா? தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாத்தியாச்சா? எந்தெந்தக் கணினியிலிருந்து மட்டும் உள்ளே வரலாம்னு வரையறுத்தாச்சா?